கேட்கத் தெரிந்தவர்களுக்கான வேலை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் வழியாகத் தினமும் பஸ் பிடித்துப் பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் நாளை ‘பிசினஸ் அனலிஸ்ட்’ ஆகப் போகிறவர்கள். அந்த வேலைக்கான பாடம் இந்த மாவட்டத்திலேயே ஒரு முறை ஊர் ஊராக நடந்திருக்கிறது.

குளத்தூர் தாலுகாவுக்கான வட்டாட்சியர் அலுவலகம் கீரனூரில் இருக்கிறது. எந்தத் தாலுகா ஆபீஸுக்குப் போனாலும் வாசலருகே மனு எழுதித் தருகிற ஒருவரைப் பார்க்கலாம். அவருக்கும் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“பட்டா வேணும்னு எழுதுங்க தம்பி.”

“எதுக்கு ஆத்தா பட்டா?”

“வீடு கட்டப் பணம் தர்றாகளாம்ல. பட்டா இருந்தாத்தான் குடுப்பாகளாம்.”

“எடம் யாரு பேர்ல இருக்கு?”

“எங்க மாமனார் பேர்ல.”

“அவுக இருக்காகளா?”

“அவுக போயிப் பதினஞ்சு வருசமாச்சு.”

“பிள்ளைக எத்தனை பேரு?”

“நாலு. மூத்தவுக திருப்பூர்ல இருக்காக. சின்னக் கொழுந்தன் மலேசியாவுல.”

அந்த அம்மா கேட்டு வந்தது பட்டா. அவருக்கு வேண்டியது வீடு. அதற்கு முதலில் மாமனாரின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். பிறகு நாலு பங்காளிகளுக்குள் பாகம் பிரிய வேண்டும், இல்லையென்றால் மற்ற மூவரின் சம்மதமாவது வேண்டும். அதன் பிறகுதான் உட்பிரிவு, பெயர் மாற்றம். மலேசியாவில் இருப்பவர் எப்போது ஊருக்கு வருகிறார் என்பதைப் பொறுத்தே இந்த மனுவின் தலையெழுத்து இருக்கிறது. அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் மனு உள்ளே போய், சில மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கும். அரைக் காகிதம் எழுதுவதற்கு முன் அந்த மனிதர் கேட்ட நாலு கேள்விகளில்தான் அவருடைய தொழில் இருக்கிறது.

மென்பொருள் நிறுவனங்களில் பிசினஸ் அனலிஸ்ட் என்ற பதவியில் இருப்பவர் செய்வதும் இதே வேலைதான். ஒரு பக்கம் மென்பொருள் வேண்டுமென்று கேட்கிற வங்கி, மருத்துவமனை, ஆலை, அரசுத் துறை. இன்னொரு பக்கம் அதை உருவாக்கித் தரப்போகிற புரோகிராமர்கள். கேட்கிறவருக்குக் கணினி தெரியாது. செய்கிறவருக்கு அந்தத் தொழில் தெரியாது. நடுவில் நின்று, உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து, அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி, இரண்டு தரப்பையும் ஒப்புக்கொள்ள வைக்க ஒரு ஆள் வேண்டும். நல்ல சம்பளம் தருகிற வேலை. களமாவூர் தொடங்கித் திருச்சி வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் வேலையும் இல்லை.

இந்தத் தொழிலுக்கென்று 2003இல் கனடாவின் டொராண்டோவில் ஐஐபிஏ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அது வெளியிடும் ‘பாபோக்’ என்ற கையேடுதான் உலகம் முழுக்க இந்த வேலைக்கான அடிப்படை நூல். அதன் மூன்றாம் பதிப்பு 2015இல் வந்தது. வரைபடம் போடுவது, பட்டியலிடுவது, கணக்கிடுவது என்று ஐம்பது உத்திகளை அது விவரிக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் அந்த ஐம்பதையும் நெட்டுருப் போடுகிறார்கள். அதே நூல் அடிப்படைத் திறன்கள் என்று தனியாகச் சிலவற்றைச் சொல்கிறது: பேசுவது, எழுதுவது, காது கொடுத்துக் கேட்பது, கூட்டத்தை நடத்திச் செல்வது, பேரம் பேசிப் பிணக்கைத் தீர்ப்பது, கற்றுக்கொடுப்பது. பலரும் வேகமாகப் புரட்டிவிட்டுப் போகிற பக்கங்கள் அவை. வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆள் தடுமாறுவதும் அந்தப் பக்கங்களில்தான்.

சுவரோரம் சாய்ந்திருக்கும் தகடுகள்

கையருகே இருக்கிற ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சி பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் துவாக்குடியிலும் மாத்தூரிலும் இருக்கின்றன. கொதிகலனுக்கான பாகங்களை இரும்புத் தகட்டில் வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து அனுப்புவது அவர்களுடைய வேலை. அப்படி ஒரு பட்டறைக்கு மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தில் முதலாளி சொல்வார்: “ஸ்டாக் எவ்வளவு இருக்குன்னு என் போன்ல தெரியணும்.” சூப்பர்வைசர் தலையாட்டுவார். கணக்குப் பார்ப்பவர் தலையாட்டுவார். கதவோரம் நிற்கும் ஸ்டோர் கீப்பரும் தலையாட்டுவார். புதிதாக வேலைக்கு வந்த அனலிஸ்ட், மொத்தம் எத்தனை டன் இருப்பு என்று காட்டும் ஒரு திரையைப் படம் போட்டுக்கொண்டு போய்விடுவார். மூன்று மாதம் கழித்து அந்தத் திரை முதலாளியின் போனில் வரும். அடுத்த மாதமே அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

அனுபவம் உள்ளவர் மறுநாள் டீ நேரத்தில் ஸ்டோருக்குப் போவார். “அண்ணே, தகடு லாரியில வந்து இறங்கினதுலேருந்து என்னென்ன நடக்குது, கொஞ்சம் காட்டுறீங்களா?” என்பார். என்ன கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். “மென்பொருளில் என்ன வேணும்?” என்று கேட்டிருந்தால் ஸ்டோர் கீப்பர், “முதலாளி சொன்னதுதான் சார்” என்று முடித்திருப்பார். செய்கிற வேலையைக் காட்டச் சொன்னால் காட்டாமல் இருக்க யாருக்கும் மனம் வராது.

அவர் காட்டுவது இது: ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஹீட் நம்பர் குத்தியிருக்கும். அது எந்த உலையில், எந்தத் தடவை உருக்கிய இரும்பு என்பதற்கான அடையாளம். கொதிகலன் வேலையில் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இருந்தே ஆக வேண்டும். அதனால் தகட்டை வெட்டுவதற்கு முன்பே, வெட்டப்போகிற துண்டு, மிஞ்சப்போகிற துண்டு இரண்டிலும் அந்த நம்பரைக் குத்த வேண்டும். அதை இன்ஸ்பெக்‌ஷன் ஆள் வந்து பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒரு துண்டில் குத்த மறந்துவிட்டால் அது நல்ல இரும்பாகவே இருந்தாலும் கொதிகலனுக்கு ஆகாது. மிச்சத் துண்டுகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும். எது எந்த நம்பர், எது எந்த அளவு என்பது ஸ்டோர் கீப்பரின் நீள நோட்டில் இருக்கும். பாதி அவர் மண்டையில் இருக்கும்.

இப்போது முதலாளியின் கேள்வியைத் திரும்பப் பாருங்கள். போனில் ‘இரண்டு டன் இருப்பு’ என்று வரும். அந்த இரண்டு டன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக, சில நம்பர் இல்லாமல் கிடந்தால், வந்திருக்கிற ஆர்டருக்கு ஒரு கிலோகூட உதவாது. புதுத் தகடு வாங்கியே ஆக வேண்டும். எத்தனை டன் இருக்கிறது என்று அவர் கேட்கிறார். கையில் இருப்பதை வைத்து இந்த ஆர்டரை முடிக்க முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. அதற்கான பதில் கதவோரம் தலையாட்டியவரிடம் இருந்தது.

தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லோர் முன்னாலும் பேச வைப்பது அடுத்த கட்டம், அதைவிடக் கடினமானது. ஸ்டோரில் நம்பர் இல்லாத துண்டுகள் கிடக்கின்றன என்று முதலாளி எதிரில் சொன்னால், யார் குத்த மறந்தது என்ற விசாரணைதான் முதலில் வரும். அதனால் கூட்டத்தை நடத்துகிறவர் முன்கூட்டியே முதலாளியிடம், “இன்னிக்கு யார் தப்புன்னு பார்க்க வேண்டாம் சார், வேலை எப்படி நடக்குதுன்னு மட்டும் பார்ப்போம்; நீங்க கடைசியா பேசுங்க” என்று ஒப்புதல் வாங்கி வைத்திருப்பார். கூட்டத்தில் முதல் வார்த்தை ஸ்டோர் கீப்பருக்கு. நீள நோட்டு மேஜைக்கு நடுவில். அவர் சொல்வது அவர் வார்த்தையிலேயே, ‘மிச்சத் துண்டு’ என்றால் ‘மிச்சத் துண்டு’ என்றே, பலகையில் ஏறும். எல்லோரும் நோட்டைப் பார்த்துப் பேசுவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போடுவது குறையும்.

பயன்படுத்துகிறவர்களையும் உருவாக்குகிறவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தேவையைப் பேசி முடிப்பதை ஒரு முறையாகவே வகுத்தது 1970களின் பிற்பகுதியில்தான். ஐபிஎம் நிறுவனத்தின் சக் மாரிஸும் டோனி கிராஃபோர்டும் அதைச் செய்தார்கள். அதில் கூட்டத்தை நடத்துகிறவருக்கென்று ஒரு தனி இடம் உண்டு. எதைச் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை கிடையாது; தெரிந்தவர் ஒவ்வொருவரும் வாய் திறந்தாரா என்று பார்ப்பது அவர் பொறுப்பு.

1991: வட்டமாக உட்கார்ந்தவர்கள்

இப்படித் தெரிந்தவரைப் பேசவிட்டுக் கேட்பதை ஊர் ஊராகச் செய்து காட்டிய ஒரு காலம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு உண்டு. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருடம் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சூடு பிடித்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் தோளோடு தோள் நின்றார்கள். முதலில் கலைப்பயணக் குழுக்கள் கிராமங்களுக்குப் போய் நாடகம் போட்டன, பாடின. பிறகு, பெரும்பாலும் அந்தந்த ஊர் இளைஞர்களும் பெண்களுமே தொண்டர்களாக, சம்பளமில்லாமல், சாயங்கால வேளையில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்த உட்காரலை நான் பெரிதாக நினைக்கிறேன். நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்த, அம்மா வயதுடைய ஒரு பெண்ணை இருபது வயதுப் பிள்ளை அதட்டிப் பாடம் நடத்த முடியாது. அவர் நாளை வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். கூலி, தண்ணீர், ரேஷன், நிலம் என்று அவர் வாழ்க்கையில் இருப்பதை வைத்துப் பேச்சைத் தொடங்கி, அவரைப் பேசவிட்டு, அந்தப் பேச்சிலிருந்து எழுத்துக்கு வர வேண்டும். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே காட்டிய வழி இது. தொண்டர்கள் இதை மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் வைத்துப் பழகிக்கொண்டார்கள்.

அங்கேதான் சைக்கிள் வந்தது. எழுத்தறிவுத் திட்டத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று மேலே இருக்கிறவர்கள் கேட்கலாம். பெண் தொண்டர்கள் உள்ளடங்கிய கிராமங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. பஸ் கிடையாது; இருந்தாலும் நேரத்துக்கு வராது. அப்பனோ அண்ணனோ புருஷனோ கொண்டுபோய் விட்டால்தான் போக முடியும் என்ற நிலை பெண்களின் தன்னம்பிக்கையையே தின்றுகொண்டிருந்தது. ஆட்சியர் சைக்கிள் பயிற்சியை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். வங்கிகளோடு பேசிப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்கச் செய்தார். முதலில் தொண்டர்கள் கற்றார்கள், பிறகு அவர்களிடம் எழுதப் படிக்கக் கற்றவர்கள் கற்றார்கள். கேலியும் வசையும் இருக்கத்தான் செய்தன. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரத் தெருக்களில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் அணிவகுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள் என்று இதை நேரில் வந்து பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

அவர் கவனித்த இன்னொரு விஷயத்தை ஒவ்வொரு பிசினஸ் அனலிஸ்டும் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளலாம். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது; பெண்கள் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்தார்கள். பிறகு சிலருக்கு அதுதான் பிடித்திருந்தது. காரணம், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஓடும் அந்தக் கம்பி. அதில் குழந்தையை உட்காரவைக்கலாம்! பாவாடை, சேலை போன்ற உடைக்குக் கம்பி இடைஞ்சல் என்றுதான் அதை எடுத்துவிட்டு லேடீஸ் சைக்கிள் செய்தார்கள். குழந்தையோடு போகிறவளுக்கு எது வசதி என்பது அந்த வடிவமைப்பில் இடம்பெறவில்லை. இடுப்பில் குழந்தை உள்ளவள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கம்பியின் பயன் வெளியே வந்தது. பயன்படுத்துகிறவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் எழுதப்படும் தேவைப் பட்டியல் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கம்பி விடுபட்டுப் போயிருக்கும்.

பேரம் என்றால்

பேரம் பேசத் தெரியாதவர் நம் ஊரில் யாரும் இல்லை. ஆனால் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேசுகிற பேரத்தில் இரண்டு எண்களுக்கு நடுவில் எங்காவது நிற்பதுதான் முடிவு. வேலையிடத்துப் பேரம் அப்படிப் போனால் இரண்டு பேரும் நஷ்டப்படுவார்கள். அதே பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி, “தீபாவளிக்குள்ள எல்லாம் முடியணும்” என்பார். புரோகிராமர்கள், “ஆறு மாசமாகும்” என்பார்கள். நடுவில் மூன்று மாதம் என்று முடித்தால் அரைகுறை மென்பொருளும் தீராத மனக்கசப்பும்தான் மிஞ்சும்.

“ஏன் சார் தீபாவளி?” என்று கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கியிருக்கிற சிறு தொழிலதிபர்கள் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் கணக்கருக்கும் ஸ்டோருக்கும் தூக்கம் போய்விடும். பண்டிகை நேரத்தில் போனஸ், கூலி என்று பணமுடை வேறு. ஆக, முதலாளியை அழுத்துவது அந்த ஒரு அறிக்கை. அதை மட்டும் முதலில் செய்து கொடுத்தால் தீபாவளிக்குள் முடியும். மிச்சத் துண்டு, ஹீட் நம்பர் எல்லாம் அடுத்தடுத்து வரலாம். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்கிற கோரிக்கையையும் அதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னவர்கள் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும். அவர்களுடைய ‘கெட்டிங் டு யெஸ்’ 1981இல் வந்தது. அவர்கள் எடுத்துக்காட்டியதில் ஒன்று 1978 கேம்ப் டேவிட் உடன்பாடு. சினாய் நிலத்தில் எங்கே கோடு போட்டாலும் எகிப்தும் இஸ்ரேலும் ஒத்துக்கொள்ளவில்லை. எகிப்துக்கு வேண்டியது தன் மண் தனக்கு. இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் டாங்கிகள் நிற்காமல் இருப்பது. நிலம் முழுக்க எகிப்துக்குத் திரும்பியது. அதன் பெரும்பகுதியில் படை நிறுத்துவது கட்டுப்படுத்தப்பட்டது.

எல்லாப் பேரமும் இப்படிச் சமமானவர்களுக்கு நடுவில் நடப்பதில்லை என்பதையும் இந்த மாவட்டத்திலிருந்தே சொல்ல வேண்டும். அறிவொளிக் காலத்தில் குடுமியான்மலைப் பக்கத்துக் கல்குவாரிகளில் சம்மட்டி பிடித்த பெண்கள், ஒப்பந்தக்காரர்களிடம் கூலிகளாக, பலர் கடனுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். மாவட்ட நிர்வாகம் குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது. கல்லுக்கு என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவர்களே பேச வேண்டியிருந்தது. எழுத்தும் கணக்கும் அப்போது அவர்களுக்கு அன்றாடத் தேவையாயின. வருமானம் உயர்ந்தது. அதிகாரிகள் மாறிய பிறகு பழைய ஒப்பந்தக்காரர்களின் நெருக்கடியும் திரும்பி வந்தது. எவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தாலும், குத்தகைக் காகிதம் யார் கையில் இருக்கிறது என்பது பேச்சைவிடப் பெரியது. கூட்டம் நடத்தப் பழகுகிறவர்கள் இதை மறந்துவிட்டு, நல்ல வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகும் என்று நம்பினால், பலமானவருக்கு அழகாக மினிட்ஸ் எழுதித் தருகிறவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

இங்கிலீஷ் பயம்

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்த வேலையைப் பற்றிப் பேசினால் முதலில் வருவது இங்கிலீஷ் பயம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் எப்படிப் பேசுவது என்ற கவலை. எழுத்தில் பிழையில்லாத, நேரான இங்கிலீஷ் வேண்டும்தான்; அதில் சமாதானம் சொல்ல முடியாது. ஆனால் சரளமாகப் பேசுகிறவரைவிட, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, “நான் புரிஞ்சுக்கிட்டது இது, சரிதானா?” என்று உறுதி செய்துகொள்கிறவரைத்தான் வாடிக்கையாளர் அடுத்த தடவையும் தேடுவார். இதைத் தமிழில் செய்யத் தெரிந்தவருக்கு இங்கிலீஷில் செய்யச் சில மாதப் பழக்கம் போதும். தமிழிலேயே செய்து பழகாதவருக்கு எத்தனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பும் உதவாது.

‘விரைவாக’, ‘எளிதாக’, ‘தேவைப்பட்டால்’ போன்ற வார்த்தைகளை எழுத்தில் கண்டதும் கை அரிக்க வேண்டும். எத்தனை விநாடியில்? யாருக்கு எளிது? தேவைப்பட்டதா என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விகளை இன்று கேட்காவிட்டால், மென்பொருள் கைக்கு வந்த அன்று சண்டையாக வரும். புரோகிராம் எழுதுவதில் ஒரு பகுதியை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், இயந்திரத்திடம் எதைச் செய்யச் சொல்வது என்று தெளிவாக எழுதத் தெரிந்தவரின் மதிப்பு ஏறிக்கொண்டுதான் போகும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதை வகுப்பறையில் கற்றுக்கொடுக்க முடியுமா? முடியும், வகுப்பறையை விட்டு வெளியே போனால். நான் முதல்வன் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து பொறியியல் கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கென்று நேரமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கலாம். மூன்றாம் வருட மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகக் கீரனூரில் ஒரு மருந்துக்கடை, ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு லேத் பட்டறை, ஒரு ரேஷன் கடை என்று போய் அங்கே நடக்கும் வேலையைப் பார்க்கட்டும். இரண்டு பக்கத்துக்கு எழுதட்டும். எழுதியதை அந்தக் கடைக்காரரிடமே உரக்கப் படித்துக் காட்டட்டும். “இல்ல தம்பி, அப்படி இல்ல” என்று அவர் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் போடலாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. 1991இல் இருபது வயதில் அறிவொளித் தொண்டர்களாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது கடந்திருக்கும். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லூரி முதல்வர்கள் அவர்களில் நாலு பேரைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்கப் பேச வைக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் ஒருவரும் வராதபோது என்ன செய்தார்கள், வந்தவர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது எதைக் கேட்டார்கள், “எனக்கு எதுக்குத் தம்பி எழுத்து?” என்று கேட்ட கிழவிக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று மாணவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.